களஞ்சிய வாயிலும் கையொப்பமும்

களஞ்சியம் என ஒன்று தோன்றிய நாளிலேயே அதன் வாயிலில் ஒரு வினாவும் தோன்றிவிட்டது. வந்து நிற்பவன் யார்? அவன் கேட்பதைக் கொடுக்கலாமா? காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் பண்டங்களின்மீது புலிப்பொறி இட்டுக் காத்ததைப் பட்டினப்பாலை கூறும். இங்கிலாந்தின் அரச கருவூலத்தார் வெட்டுக்குறி இட்ட மரக்குச்சியை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைத் தாம் வைத்துக்கொண்டு, மறுபாதி வரும்போது இரண்டும் பொருந்துகின்றனவா என நோக்கினர். எனினும் இவ்வினாவின் நுட்பத்தை யான் அறிந்தவரையில் கம்பனைப்போல் உணர்த்தியவர் இலர். இராவணன் தவவேடத்தில் வந்து வஞ்சித்த பின்னர், அசோகவனத்திற் சிறையிருக்கும் சீதைமுன் ஒரு வானரம் தோன்றி, தான் இராமதூதன் என்றால் அவள் அதனை எங்ஙனம் நம்புவாள்? இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்தனுப்பினானல்லன். தனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த சில நிகழ்ச்சிகளையும் அடையாளமாகச் சொல்லியனுப்பினான். கணையாழி களவு போதல் கூடும். நினைவு அங்ஙனம் களவு போவதில்லை.

இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்டது இக்காலத்துக் களஞ்சியம் ஒன்றின் வாயிலையாம். கணினியறிஞர் அதனைப் பொருட் களஞ்சியம் என்பர். ஒரு நிழற்படம், ஒரு நோயாளியின் எக்ஸ்கதிர்ப் படம், ஒரு நீதிமன்றப் பதிவு என ஒவ்வொன்றும் அங்கே ஒரு தனிப் பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பல பொருள்கள் சேர்ந்து கிடக்கும் கொள்கலத்தைப் பக்கற் என்பர். இணையத்தின் வழியே, இதை வை, இதைத் தா, இதை அழி என வேண்டுகோள் விடுக்கலாம். பழைய கணினிகளின் சேமிப்பு ஓர் அறைக்குள் இருந்தது. அறைக்குப் பூட்டும் காவலாளியும் இருந்தனர். இக்களஞ்சியத்தின் கதவோ பொதுத்தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. வருபவர் முகத்தை அறிவார் எவரும் அங்கு இல்லை. வருவது ஒரு கடிதமே. அக்கடிதம் தன்னைத்தானே மெய்ப்பிக்க வேண்டும். இரகசியத்தைச் சொல்லி உள்ளே செல்லும் நிலையிலிருந்து, இரகசியத்தை வெளியிடாமலே அதனை அறிந்தவன் எனக் காட்டி உள்ளே செல்லும் நிலைக்கு மனிதர் வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. அவ்வழியைத் தொடர்ந்து சென்று பார்ப்பாம்.

பலர் ஒரே கணினியை ஒரே வேளையிற் பயன்படுத்தும் முறை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் தலைமையில் உருவாயிற்று. ஒருவரின் கோப்புகளை மற்றவர் தொடாதிருத்தற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே, கிடந்தன. அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்தில் 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962ஆம் ஆண்டில் அவர் கோப்புகளை அச்சிட்டுத் தரும் பகுதிக்கு ஒரு துளையட்டையை அனுப்பி, கடவுச்சொற் கோப்பையே அச்சிடச் செய்து, மறுநாள் காலையில் எடுத்துச்சென்றார். கணினிக் கடவுச்சொற்கள் களவுபோனமைக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் முதல் நிகழ்ச்சி இதுவே. ஒரு மாணவன் கூடுதலாகப் படிக்க விரும்பியமையே அக்களவுக்குக் காரணம் என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் சிறிது புன்னகையோடு நோக்கலாம். அதே பத்தாண்டின் நடுப்பகுதியில் வேறொன்று நிகழ்ந்தது. ஓர் அதிகாரி கடவுச்சொற் கோப்பையும், மற்றோர் அதிகாரி அன்றைய அறிவித்தலையும் ஒரே வேளையில் திருத்த, இரண்டின் தற்காலிகப் பிரதிகளும் ஒரே பெயருடையனவாக இருந்தமையால் இடம் மாறின. அதன்பின் கணினியினுள் நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவித்தலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்சியளித்தன.

காவலன் தன்னிடமுள்ள இரகசியத்தையே காக்க இயலாதவனாயின், அவனிடம் இரகசியத்தைக் கொடாதிருப்பதே வழி. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் றொஜர் நீடம் என்பவர் கண்ட உத்தி இதுவாகும். அதனை மொறிஸ் வில்க்ஸ் 1968ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் எடுத்துரைத்தார். கடவுச்சொல்லை ஓர் ஒருவழிச் சார்பினூடாகச் செலுத்தி வரும் விளைவை மட்டும் கணினி வைத்துக்கொள்ளும். மாவைக் கண்டு அரிசியை மீட்க இயலாதவாறு, விளைவைக் கண்டு சொல்லை மீட்க இயலாது. பாவனையாளர் மறுமுறை சொல்லைத் தரும்போது அதனையும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிடுவதே காவலனின் வேலை. றொபேட் மொறிஸ், கென் தொம்ஸன் ஆகிய இருவரும் யுனிக்ஸ் முறைமையில் இதனைக் கையாண்டனர். 1979ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தபோது அவற்றுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86 வீதம், மிகக் குறுகியனவாகவோ அகராதி முதலியவற்றில் உள்ளனவாகவோ எளிதில் ஊகிக்கக்கூடியனவாக இருந்தன. 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தனர். பூட்டு எத்துணை வலியதாயினும் திறப்பை வாசற்படியின் கீழ் வைப்போர் எக்காலத்தும் இருப்பர் போலும்.

நீடத்தின் உத்தியிலும் ஒரு குறை எஞ்சியது. வாயிலில் நிற்கும்போது சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும். அறைக்குள் இருக்கும் கணினிக்கு அதனாற் பெருந்தீங்கு இல்லை. கணினிகள் கம்பிகளாற் பிணைக்கப்பட்டு, சொல் தெருவழியே செல்லத் தொடங்கியதும் வழியில் நின்று கேட்பவன் அதனைப் பெற்றுக்கொள்வான். இதற்கு இருவேறு மாற்றுக்கள் தோன்றின. ஒன்று சீட்டு, மற்றொன்று கையொப்பம். ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பதோடு அதனை என்ன செய்யலாம் என்ற உரிமையையும் தன்னுள்ளே கொண்ட சீட்டு என்னும் கருத்தை ஜாக் டெனிஸும் ஏள் வான் ஹோணும் 1966ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். 1978ஆம் ஆண்டில் நீடமும் மைக்கல் ஷ்றோடரும், ஒருவரையொருவர் அறியாத இருவர் தாம் இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவரிடம் சீட்டுப் பெற்று அறிமுகமாகும் முறையை வகுத்தனர். மூன்று ஆண்டுகளின் பின்னர் டொறதி டெனிங்கும் ஜொவானி சாக்கோவும் அம்முறையில் ஓர் ஓட்டையைக் காட்டினர். பழைய சீட்டொன்றும் அதற்குரிய பழைய இரகசியமும் பகைவன் கையிற் சிக்கின், நாட்பட்ட பின்னும் அவன் அதனைப் புதியதுபோல் நீட்டலாம். சீட்டில் நேரத்தைக் குறித்துவிடுக என்பது அவர்கள் கூறிய பரிகாரம்.

இது கற்பனைக் குறை என எண்ணற்க. முன்னர் யான் கற்பித்த பாடசாலை ஒன்றில், நூலக அலுமாரியிலிருந்து நூல் பெறுவதற்கு அதிபர் கையெழுத்திட்ட துண்டு வேண்டும். துண்டிலே திகதி இடும் வழக்கம் இல்லை. நூலின் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. ஒரே துண்டு ஒரு தவணை முழுவதும் பத்துப் பன்னிரண்டு மாணவர் கைகளிற் சுழன்றதைத் தவணை முடிவில் நூல்களை எண்ணியபோதே அறிந்தோம். கையெழுத்து மெய்யானது. துண்டும் மெய்யானது. எனினும் நான்கு நூல்கள் திரும்பி வரவில்லை. யாருக்கு, எதற்கு, எதுவரை என்னும் மூன்றையும் சீட்டு தன்னுள்ளே கொண்டிருத்தல் வேண்டும் என்பதை எமக்குக் கற்பித்தது அத்துண்டே.

மசாசூசெற்ஸ் கழகத்தில் 1983ஆம் ஆண்டில் தொடங்கிய அதீனா என்னும் திட்டத்தில் உருவான கெர்பெறொஸ் முறை, நீடமும் ஷ்றோடரும் வகுத்த வழியில் நேரத்தைச் சேர்த்து அமைந்தது. கிரேக்கர் பாதாளவுலக வாயிலில் நிறுத்திய மூன்று தலை நாயின் பெயர் அது. அதனைப்பற்றி விரிப்பிற் பெருகும்.

பொருட் களஞ்சியத்துக்குரிய வாயில் முறை முதலில் தெளிவாக வடிவெடுத்தது 1990களில், பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள காணெகி மெலன் பல்கலைக்கழகத்தில் என்பது என் துணிபு. கார்த் கிப்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் வட்டுக்களை நேராகவே வலையமைப்பில் இணைக்க முயன்றனர். அதுவரை எல்லாத் தரவும் ஒரு தலைமைக் கணினியினூடாகவே செல்லவேண்டியிருந்தது. நூறு பேர் கேட்டால் நூறு பேரும் அவ்வொரு வாயிலில் காத்துநிற்பர். கிப்சன் குழுவினர் வட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். ஆயின் தெருவில் நிற்கும் வட்டு யாரை நம்புவது? பாவனையாளர் பட்டியலை வைத்து ஆராயும் வேலையை அவ்வட்டுக்குக் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் கண்ட தீர்வு அழகியது. பாவனையாளர் முதலில் மேலாளரான கணினியிடம் சென்று தம்மை யாரென நிறுவுகிறார். மேலாளர் இரு பகுதிகளைத் தருகிறார். முதற்பகுதி எவரும் காணத்தக்கது: எப்பொருள், படிக்கவா எழுதவா, எதுவரை, அப்பொருளின் பதிப்பெண் யாது என்பன அதில் உள. மற்றப்பகுதி இரகசியமானது: மேலாளருக்கும் வட்டுக்கும் மட்டுமே தெரிந்த திறப்பைக் கொண்டு முதற்பகுதியைக் கணித்துப் பெற்ற எண். பாவனையாளர் வட்டிடம் முதற்பகுதியைக் காட்டுகிறார். இரண்டாம் பகுதியைக் காட்டாமல், அதனைக் கொண்டு தம் வேண்டுகோளைக் கணித்து வரும் முத்திரையை மட்டும் இணைக்கிறார். வட்டு தன் திறப்பைக்கொண்டு யாவற்றையும் மீளக் கணித்துப் பார்த்து, ஒத்திருப்பின் பொருளைக் கொடுக்கிறது. வந்தவர் பெயர்கூட அதற்குத் தெரியாது. கொடுத்த உரிமையை மீட்கவேண்டுமாயின் பொருளின் பதிப்பெண்ணை மாற்றினாற் போதும். பழைய சீட்டுக்கள் அனைத்தும் அக்கணமே செல்லாக்காசாகிவிடும். இதன் காவல்முறையை 1999ஆம் ஆண்டில் தமது ஆய்வேட்டில் விரித்தெழுதிய ஹவாட் கோபியோவ், பின்னர் 2003ஆம் ஆண்டில் கூகிள் கோப்பு முறைமை பற்றி வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் மூவருள் ஒருவரானார்.

மேலே முத்திரை எனக் கூறியதை எங்ஙனம் கணிப்பது? இரகசியத்தையும் கடிதத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஒருவழிச் சார்பில் அரைத்தாற் போதுமென்றே பலர் எண்ணினர். அது போதாது. அக்காலத்தில் வழங்கிய சார்புகள் கடிதத்தைத் துண்டு துண்டாக அரைப்பன. ஆகவே வெளிவந்த மாவை வைத்துக்கொண்டு, இரகசியம் தெரியாத ஒருவனும் கடிதத்தின் இறுதியில் தன் சொற்களைச் சேர்த்துத் தொடர்ந்து அரைக்கலாம். மிஹிர் பெல்லாறே, றான் கனெற்றி, ஹியூகோ கிறாவ்சிக் ஆகிய மூவரும் 1996ஆம் ஆண்டில் எச்மாக் என்னும் முறையை வகுத்தனர். இரகசியத்தைச் சேர்த்து ஒருமுறை அரைத்து, வந்த விளைவோடு இரகசியத்தை வேறு வடிவில் மீண்டும் சேர்த்து மறுமுறை அரைப்பது அதன் சாரம். 1997ஆம் ஆண்டில் அது இணையத்தார் கைக்கொள்ளும் ஆவணமாக வெளிவந்தது. அதனைக் கைக்கொள்ளாது பழைய வழியிற் சென்ற பிளிக்கர் என்னும் நிழற்படச் சேவையின் முத்திரையை 2009ஆம் ஆண்டில் இரு ஆய்வாளர் போலியாக ஆக்கிக் காட்டினர்.

இனி அமேசன் நிறுவனத்தாரின் எஸ்-3 களஞ்சியத்துக்கு வருவாம். அது 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆந் திகதி திறக்கப்பட்டது. ஒரு கிகாபைற்றை ஒரு மாதம் வைத்திருக்க அப்போது 15 அமெரிக்கச் சதம் அறவிட்டனர். பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சரங்கள் வழங்கப்பட்டன: ஒன்று பெயர்போல வெளிப்படையானது, மற்றது இரகசியத் திறப்பு. வேண்டுகோள் விடுப்பவர், செயல் யாது, உள்ளடக்கத்தின் வகை யாது, திகதியும் நேரமும் யாவை, எந்தப் பக்கற்றில் எந்தப் பொருள் என்பவற்றை விதித்த ஒழுங்கில் வரிவரியாக எழுதி, அதனை இரகசியத் திறப்பால் எச்மாக் முறையிற் கணித்து, விளைவைக் கடிதத்தோடு இணைப்பார். களஞ்சியத்தார் தம்மிடமுள்ள திறப்பின் பிரதியால் அதனையே கணித்து ஒப்பிடுவர். இரகசியம் தெருவில் ஒருபோதும் செல்வதில்லை. நேரம் கால் மணிக்கு மேல் பிசகியிருப்பின் கடிதம் புறக்கணிக்கப்படும். எனவே எம் நூலகத் துண்டின் கதை இங்கே எளிதில் நிகழாது. இதனைக் கையொப்பம் என அழைப்பது முற்றிலும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. கையொப்பத்தை இட்டவன் ஒருவனே இடமுடியும். இதனையோ களஞ்சியத்தாரும் இடமுடியும். ஆயினும் வழக்கு அதுவாகிவிட்டது.

விதித்த ஒழுங்கு என்றோம். அவ்வொழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2008ஆம் ஆண்டு டிசெம்பரில் கொலின் பேர்சிவல் என்பவர் வெளியிட்ட ஒரு குறிப்பு காட்டிற்று. குற்றம் எஸ்-3இல் அன்று. அதே நிறுவனத்தாரின் வேறு சில சேவைகள் கைக்கொண்ட முதற்பதிப்புக் கையொப்ப முறையில் அது இருந்தது. அம்முறை வேண்டுகோளின் பெயர்களையும் பெறுமானங்களையும் இடையீடின்றி ஒட்டி எழுதிக் கையொப்பமிடச் செய்தது. தமிழ் மாணவருக்கு இதனை விளக்குதல் எளிது. பலகை என ஒட்டி எழுதியதைப் பல கை எனவும் பிரிக்கலாம். ஒரே எழுத்துத்தொடர், இரு வேறு பொருள். இரண்டுக்கும் ஒரே கையொப்பம். ஒருவர் உண்மையாக ஒப்பமிட்ட வேண்டுகோளை இடைமறித்தவன், எழுத்தெதனையும் மாற்றாது பிரிக்கும் இடத்தை மட்டும் மாற்றி வேறொரு வேண்டுகோளாக ஆக்கிவிடலாம். எச்மாக் அணுவளவும் பழுதுபடவில்லை. சீர் பிரித்த இடத்திலேயே காவல் தோற்றது. இரண்டாம் பதிப்பு இக்குறையை நீக்கிற்று.

2012ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வரத்தொடங்கிய நான்காம் பதிப்பு மேலுமொரு படி சென்றது. இரகசியத் திறப்பைக் கொண்டு நேராக ஒப்பமிடுவதில்லை. அதிலிருந்து அன்றைய நாளுக்கு ஒரு திறப்பு, அதிலிருந்து அப்பிரதேசத்துக்கு ஒரு திறப்பு, அதிலிருந்து அச்சேவைக்கு ஒரு திறப்பு எனப் படிப்படியாகப் பெறப்பட்ட கடைசித் திறப்பே ஒப்பமிடும். அது திருடப்பட்டாலும் ஒரு நாளுக்கும் ஒரு பிரதேசத்துக்கும் ஒரு சேவைக்கும் அப்பாற் செல்லாது. 2014ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் திறந்த களஞ்சியம் இப்பதிப்பை மட்டுமே ஏற்றது. சீட்டும் கையொப்பமும் இங்கே ஒன்றாயின என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒரு பொருளின் இணைய முகவரியிலேயே கையொப்பத்தைப் பதித்து வேறொருவரிடம் கொடுக்கலாம்; அவர் அப்பொருளை மட்டும், குறித்த காலம் வரை மட்டும் எடுக்கலாம். நான்காம் பதிப்பில் அதன் எல்லை 7 நாள்.

இதே காலத்தில், 2010ஆம் ஆண்டு யூலையில், றாக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் சேர்ந்து ஓப்பன்ஸ்ராக் என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதன் களஞ்சியமான சுவிவ்ற், ஒருமுறை நுழைந்து சீட்டொன்றைப் பெற்று, பின்னர் ஒவ்வொரு வேண்டுகோளிலும் அதனையே காட்டும் வழியைக் கைக்கொண்டது. எளியது, ஆயின் சீட்டைக் கொண்டுவருபவனே உரியவன் என்னும் பழைய இடர் அதில் உண்டு. சர்வதேச நியமங்களுக்கான நிறுவனம் 2012ஆம் ஆண்டில் களஞ்சிய அணுகலுக்கு ஒரு நியமம் வெளியிட்டது. அதனைப் பின்பற்றியோர் சிலரே. சந்தையில் முன்வந்த கடையின் வழக்கமே, பிற களஞ்சியத்தாரும் பேசும் பொதுமொழியாயிற்று.

இவ்வளவு காவலுக்குப் பின்னரும் களஞ்சியங்கள் கொள்ளைபோயின. கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம் பிறருடைய நிரல்களைக் காத்துக்கொடுக்கும் தொழிலை நடத்தியது. 2014ஆம் ஆண்டு யூனில் ஒருவன் அதன் கணக்கினுள் உரிய நுழைவுச்சொற்களோடே புகுந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் கணக்கை மீட்க முயன்றதும் எஸ்-3 பக்கற்றுக்களையும் பிரதிகளையும் அழிக்கத் தொடங்கினான். காப்புப் பிரதிகளும் அதே கணக்கின் எல்லைக்குள்ளேயே இருந்தன. ஏறத்தாழ 12 மணி நேரத்துள் பெரும்பகுதி அழிந்தது, நிறுவனம் மூடப்பட்டது. அவன் அனுப்பிய கட்டளை ஒவ்வொன்றையும் களஞ்சியம் முறைப்படி சோதித்து, சரியெனக் கண்டே நிறைவேற்றிற்று.

வேறு சிலர் கதவைப் பூட்டவேயில்லை. உலகில் எவரும் படிக்கலாம் என ஒரு பக்கற்றைக் குறிக்க வசதியுண்டு. இணையதளப் படங்களுக்கு அது தேவை. 2017ஆம் ஆண்டு யூனில், அமெரிக்க வாக்காளர் ஏறத்தாழ 19 கோடியே 80 இலட்சம் பேரின் விபரங்கள் அவ்வாறு திறந்த பக்கற்றொன்றிற் கிடந்தமை வெளிப்பட்டது. பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி எண், எக்கட்சிக்கு வாக்களிக்கக்கூடும் என்ற கணிப்பு என்பன அதில் இருந்தன. ஒரு தரவு ஆய்வு நிறுவனத்தார் வைத்த கோப்புகள் அவை. வாக்காளர் எவரும் அக்களஞ்சியத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிரார். திறப்பு எவரிடம் இருக்கிறதோ அவருடைய உடைமையே பறிபோகும் என்பது பழைய களஞ்சியத்தின் நியதி. இங்கே திறப்பு ஒருவரிடமும் இழப்பு மற்றொருவரிடமுமாகப் பிரிந்து நிற்கின்றன. இவ்வரலாற்றில் எனக்கு மிகுந்த கவலை தருவது இப்பகுதியே.

2018ஆம் ஆண்டு நவெம்பரில் அமேசன் நிறுவனத்தார், கணக்கு முழுவதையும் ஒரே செயலால் பொதுமக்கள் பார்வையிலிருந்து அடைத்துவிடும் வசதியை அளித்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்பிரிலிலிருந்து, புதிதாக ஆக்கப்படும் ஒவ்வொரு பக்கற்றும் அடைத்த நிலையிலேயே பிறக்கும் என மாற்றினர். களஞ்சியம் திறந்து 17 ஆண்டுகளின் பின்னரே பூட்டிய கதவு இயல்புநிலையாயிற்று. அம்மாற்றம் புதிய பக்கற்றுக்களுக்கு மட்டும் உரியது; அதற்கு முன் ஆக்கப்பட்டவை உரியவர் விட்ட நிலையிலேயே உள. அவற்றை அவரே சென்று பூட்டவேண்டும்.